வயர் இல்லாத பெட்டி

மாநாட்டுக் கூடத்தின் வடக்குச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு திருகு, அதற்கு மேலே பச்சை எண்கள். வலப்பக்கம் திருப்பினால் எண் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். எண் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, கூடத்தின் குளிர் அதைச் சட்டை செய்ததே இல்லை. ஏனென்றால் பெட்டிக்குப் பின்னால் வயர் கிடையாது. ஒரு பேட்டரி உண்டு, எண்ணைக் காட்டுவதற்கு. மற்றபடி பெட்டிக்கும் ஏசிக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை.

இந்த ரகசியம் உலகத்திலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அந்தக் கட்டடத்தின் ஏசி பொறுப்பாளர். கட்டடத்தில் எல்லோரும் அவரை ‘இருபத்திரண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் உள்ளே இருபத்திரண்டு டிகிரிதான். அது அவருடைய சட்டம். அடித்தளத்தில், வீடு அளவுக்குப் பெரிய குளிரூட்டும் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சுழல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். உண்மையான திருகு அங்கேதான் இருந்தது, அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில்.

அவரை மோசக்காரர் என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். ஆரம்பத்தில் அவரும் யோக்கியர்தான். இளவயதில் மீன் பதனிடும் குளிர்க்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, மீன்களோடு பழகி, குளிர் என்பது மறுபேச்சில்லாத விஷயம் என்று நம்பி வளர்ந்தவர். எந்த மீனும் இதுவரை ‘எனக்குக் கொஞ்சம் குளிருது’ என்று அவரைக் கூப்பிட்டதில்லை. பிறகு ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு மாறினார். அங்கேதான் மனிதர்களின் லட்சணம் தெரிந்தது. ஜன்னல் ஓரத்து அதிகாரி வேர்க்கிறது என்பார், தூண் ஓரத்து அதிகாரி நடுங்குகிறது என்பார். இரண்டு பேருக்கும் நடுவே இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு பந்து மாதிரி உருண்டுகொண்டிருந்தார்.

ஒருநாள் அங்கிருந்த பெட்டி பழுதாகிவிட்டது. மாற்று உதிரி வரத் தாமதமாகும் என்றார்கள். வயரைக் கழற்றிவிட்டு, சுவரில் ஓட்டை தெரியக்கூடாதே என்று பெட்டியை மட்டும் திரும்ப மாட்டிவைத்தார். உதிரி வரவே இல்லை. ஆனால் புகாரும் வரவில்லை. ஜன்னல்காரர் வந்து இடப்பக்கம் திருப்பினார், ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தார். தூண்காரர் வந்து வலப்பக்கம் திருப்பினார், ‘இப்பத்தான் உயிர் வந்துச்சு’ என்று உட்கார்ந்தார். மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து இவருக்கு ஒரு பேனா பரிசளித்தார்கள்.

அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்தது. மனுஷனுக்கு வேண்டியது குளிரும் இல்லை, சூடும் இல்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு திருகு என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அவர் போன இடமெல்லாம் வயர் இல்லாத பெட்டிகள் முளைத்தன. மாநாட்டுக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது தொழில் நன்றாகக் கைவந்துவிட்டது. கூடத்துக்கு ஒன்று, ஒவ்வொரு ஆலோசனை அறைக்கும் ஒன்று, மேலாளரின் அறைக்குக்கூட ஒன்று.

இதே வித்தையை வீட்டிலும் காட்டினார். அங்கேதான் கதை சிக்கலாகிறது.

அவருடைய மனைவிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. கூடத்து வாசலுக்குப் பக்கத்தில் கோட்டு, குடை, பைகளை வாங்கி வைக்கும் அறை. விருந்தினர்கள் உள்ளே போய் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அவர்களுக்குக் கம்பளிச் சால்வை கொடுப்பதும் அவள்தான். வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருக்கும்போது உள்ளே கம்பளி கொடுப்பதற்கென்று ஓர் அறையும் ஓர் ஆளும் இருப்பதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. அவளுக்குச் சால்வையம்மா என்று பெயர் வந்துவிட்டது. பகலெல்லாம் ஊருக்குக் குளிர்விட்டு வந்த புருஷன் இரவிலும் அதையே செய்தால் அவள் சும்மா இருப்பாளா? காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு, கடைசியில் ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்னறை சோபாவுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே அவர் ஒரு பெட்டியோடு வந்தார். “உனக்குன்னே வாங்கினது. இனிமே இந்த ரூமுக்கு நீதான் ராணி. எவ்வளவு வேணுமோ வெச்சுக்க,” என்று அவள் படுக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டினார். அவள் இருபத்தேழு வைத்தாள். அவர் அலமாரியில் தன் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த ரிமோட்டில் இருபத்திரண்டு வைத்தார். வீட்டில் சமாதானம் நிலவியது. காலையில் எழுந்ததும், “நீ வெச்ச இருபத்தேழுலகூட தூக்கம் நல்லாத்தான் வருது,” என்று பெருந்தன்மையாகச் சொல்வார். அவளும் சிரிப்பாள். வேலைக்கு வந்ததும் சக ஊழியர்களிடம் கதையை மாற்றிச் சொல்வார்: “நேத்தும் இருபத்திரண்டுதான். தூக்கம்னா அதான் தூக்கம். அதுக்கு மேல போனா மனுஷன் புழுங்கியே செத்துருவான்.” பக்கத்து வீட்டைவிடத் தன் வீட்டு மின்கட்டணம் குறைவாக வருவதைப் பற்றியும் அவருக்குப் பெருமை உண்டு. ஏசியைத் தானே கழுவித் துடைத்து வைப்பதன் பலன் அது என்பார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உலக நாடுகள் வந்து இறங்கின.

பூமி சூடாவதைத் தடுக்க இனி வரும் காலத்தில் எந்த நாடு எவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்று விதி எழுதும் மாநாடு. எல்லா நாடுகளும் ஏற்கெனவே தாராளமாக வாக்குக் கொடுத்திருந்தன. ஆனால் வரைவின் நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்கிற வரி. அந்த இடத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும், யாராவது காபி இடைவேளை கேட்பார்கள்.

தலைமை தாங்க வந்தவர் ஒரு வயதான அம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பூமியின் சூட்டைப் பற்றிப் பேச வந்த கூட்டம் கம்பளிச் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பதை முதல் நாள் மாலையே பத்திரிகைகள் படம் போட்டுச் சிரித்துவிட்டன. மறுநாள் காலை தலைவரம்மா மைக்கைத் தட்டினார்.

“பூமியோட சூட்டை அப்புறம் பார்ப்போம். முதல்ல இந்த ரூமோட சூட்டை முடிவு பண்ணுங்க. இதுவே முடியலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரலாம்.”

சின்ன விஷயம், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாரத்தில் பாதி அதிலேயே போயிற்று.

பனி நாட்டுக்காரர் எழுந்து, “எங்க உடம்புக்குப் பதினெட்டுதான் பழக்கம். பழக்கத்தை ஒரே நாள்ல மாத்த முடியாது. படிப்படியா, எங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்குள்ள இருபதுக்கு வந்துருவோம்,” என்றார். “நீங்க வர்றதுக்குள்ள எங்க ஊரே தண்ணிக்குள்ள போயிரும்,” என்றார் தீவு நாட்டு அம்மா. புதிதாகப் பணக்காரரான நாட்டின் பிரதிநிதி, “இத்தனை காலம் குளுகுளுன்னு உக்காந்தவங்க முதல்ல வேர்க்கட்டும். நாங்க இப்பத்தான் நாற்காலியே பிடிச்சிருக்கோம்,” என்றார். எண்ணெய் நாட்டுக்காரர் இன்னும் ஆழமாக யோசித்திருந்தார். “குளிரைப் பத்திப் பேசலாம். ஏசியைப் பத்திப் பேசக்கூடாது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஒரு குழு போட்டுப் பார்க்கணும்.” நீல டை கட்டிய ஒருவர்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். “எங்க இடத்துல பதினெட்டே இருக்கட்டும். அதுக்குப் பதிலா, கடைசி வரிசையில இருக்கறவர் எங்களுக்காகச் சேர்த்து வேர்த்துக்குவார். அவர்கிட்ட பேசிட்டோம்.”

அடித்தளத்துத் தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சுவரில் ஒரு பெட்டி இருப்பது தெரியாமல் இப்படி அடித்துக்கொள்கிறார்களே, ஆளுக்கொரு தடவை திருப்பிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று அவருக்குத் தோன்றியது.

ஒருவழியாக இருபத்தாறு என்று முடிவாயிற்று. கைதட்டல் ஓய்ந்ததும் தலைவரம்மா சொன்னார்: “நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லார் முன்னாடியும், நானே திருப்பறேன். அதோ, கடிகாரத்துக்குக் கீழ இருக்கே, அந்தப் பெட்டியில.”

நம்மவர் சிரிப்பு பாதியில் நின்றது.

பயம் வேலையைப் பற்றி அல்ல. வேலை போனால் இன்னொன்று கிடைக்கும்; ஊரில் ஏசிக்குப் பஞ்சமில்லை. பயம் வாசலுக்குப் பக்கத்து அறையைப் பற்றி. பெட்டி பொய் என்று கூடத்தில் குட்டு உடைந்தால், சால்வையம்மா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். படுக்கையறைச் சுவரில் இருக்கும் பெட்டியின் தம்பியைப் பார்ப்பாள். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

முதலில் ஒரு தந்திரம் தோன்றியது. அடித்தளத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தபடி, அம்மா அங்கே திருப்பும்போது நாம் இங்கே திருப்பிவிட்டால் போயிற்று. அதற்குள் மேலாளர் படியிறங்கி வந்துவிட்டாள். சின்ன வயது, எதையும் ஓட்டமாகவே செய்பவள்.

“அண்ணே, நாளைக்கு நீங்க மேடையில தலைவரம்மா பக்கத்துல நிக்கணும். அவங்களே கேட்டாங்க. நல்ல சட்டையா போட்டுட்டு வாங்க. இன்னொண்ணு, பெரிய திரை வைக்கறோம். ரூமோட டிகிரி, எரியற கரன்ட் ரெண்டும் அதுல ஓடும். திருப்பின உடனே மாறணும் அண்ணே, டிவிக்காரங்க வர்றாங்க.”

ஆகவே வேறு வழியில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு பெட்டிக்கு வயர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பிரதிநிதிகள் சாப்பிடப் போன நேரத்தில் ஏணியோடு கூடத்துக்குள் நுழைந்தார். கூரைப் பலகை ஒன்றை நகர்த்தி, சுவருக்குள் வயரை இறக்கி, பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“சாப்பிடலையா நீங்க?”

சால்வையம்மா. கையில் சாப்பாட்டு டப்பா.

“இதோ வந்துட்டேன். சும்மா தூசி தட்டறேன்.”

“கையில வயர் இருக்கு?”

“பழசு. அதை எடுத்துட்டுப் புதுசு போடறேன். கேமரா வருதில்ல, பார்வையா இருக்கணும்.”

“ஏணி ஆடுது பாருங்க,” என்று அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் கடைசித் திருகாணியை முடுக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள். பாவம், வெள்ளந்தி என்று அவருக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு ஒரு கணம் இளகியது. இளகி, டப்பாவைத் திறந்ததும் சரியாகிவிட்டது.

விழா அமோகமாக நடந்தது. தலைவரம்மா திருகில் கை வைத்துவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார். “வேலை செய்யுமில்ல?”

“சத்தியமாம்மா,” என்றார் நம்மவர். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்த முதல் உண்மையான சத்தியம் அது.

அம்மா திருப்பினார். பெரிய திரையில் எண் மெல்ல ஏறியது, மின்சாரக் கோடு இறங்கியது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கோட்டுகள் கழன்றன. சால்வைகள் குவியலாக வாசல் அறைக்குத் திரும்பின. நம்மவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தப்பித்தோம் என்று அடித்தளத்துக்கு இறங்கினார்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். பொதுவிடத்தில் உண்மையான பெட்டியை மாட்டுகிற எவரும் மேலே ஒரு கண்ணாடி மூடி போட்டுப் பூட்டிவைப்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பொய்ப் பெட்டியையே மாட்டி வந்தவருக்குப் பூட்டு எதற்கு? பொய்ப் பெட்டியைப் பூட்டினால் அதன் பயனே போய்விடுமே. அந்தப் பழக்கத்தில் இதையும் திறந்தே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அமர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பனி நாட்டுக்காரர் மணி பார்க்கிற சாக்கில் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றார். கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி. அடுத்து, கழிவறைக்குப் போன எண்ணெய் நாட்டுக்காரர் சுற்றுவழியில் திரும்பினார். தீவு நாட்டு அம்மாவுக்குக் கால் சில்லிட்டது. அவரும் எழுந்தார், எதிர்ப்பக்கம் ஒரு திருகு திருப்பினார். நீல டைக்காரர் தான் போகவில்லை, தனக்காக வேர்க்க ஒப்புக்கொண்டிருந்த கடைசி வரிசைக்காரரை அனுப்பினார். அவரோ போன இடத்தில் தனக்கு வேண்டியதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இருபத்தாறு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கைகள்தான் எல்லாம். ஒவ்வொருவரும் தான் ஒருவர் திருப்பினால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

இத்தனை வருஷங்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் நினைத்துத் திருப்பினார்கள். ஒன்றும் வந்ததில்லை. இந்தத் தடவை வயர் இருந்தது.

கூடம் திடீரென்று ஐஸ்பெட்டி ஆயிற்று. அடுத்த நிமிடம் புழுங்கியது. மறுபடி பல் கிட்டியது. பெரிய திரையில் எண் குதியாட்டம் போட்டது, மின்சாரக் கோடு மேலே ஏறி, திரையை விட்டே வெளியே போயிற்று. அடித்தளத்தில் பெரிய இயந்திரம் மூச்சுமுட்டி, ஒரு முறை கனைத்து, தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. சத்தம் நின்றதும் கூடத்தில் யாரோ தும்மியது அடித்தளம்வரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கூடம் வெந்தது. உலகப் பிரதிநிதிகள் வரைவுத் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அந்தத் தாள் இவ்வளவு பயன்பட்டதில்லை. யார் திருப்பினார்கள் என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் பக்கத்து நாட்டைப் பார்த்தார்கள்.

நம்மவருக்கு ஆள் வந்தது. தலைவரம்மா கூப்பிடுகிறார், வாசல் அறையில் இருக்கிறார் என்றார்கள். இத்தனை இடம் இருக்க அந்த அறையிலா என்று முனகிக்கொண்டே படியேறினார். உள்ளே சால்வைக் குவியலுக்குப் பக்கத்தில் தலைவரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சால்வையம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தாள். இவரைக் கண்டதும் ஓடிவந்தாள்.

“அண்ணே, எனக்கு ஒரு ஐடியா. பெட்டி அங்கயே இருக்கட்டும். எல்லாரும் திருப்பிக்கட்டும். எண்ணும் மாறட்டும். ஆனா ஒண்ணும் ஆகக்கூடாது. அந்த மாதிரி ஒரு பெட்டி பண்ண முடியுமா? இதுவரைக்கும் உலகத்துல யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க!”

வாயை மூடிக்கொண்டு, பார்க்கிறேன் மேடம் என்று தலையாட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். வயரை உருவி எறிந்திருக்கலாம், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பை, நேற்று வேலைக்கு வந்த ஒரு பெண், தன் எதிரிலேயே கண்டுபிடிக்கிறாள். தொழில்காரனுக்கு இது பொறுக்குமா?

“யாரும் பண்ணலையா? நல்ல கதையா இருக்கே! இந்தக் கட்டடத்துல இருக்கிற பெட்டி அத்தனையும் அதுதான் மேடம்! உங்க ரூம்ல இருக்கறதும் அதுதான்! ஒண்ணுத்துக்கும் வயர் கிடையாது. வருஷக்கணக்கா ஓட்டிட்டிருக்கேன், ஒரு ஆள் கண்டுபிடிச்சதில்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வந்தது. சால்வையம்மா ஒரு சால்வையை எடுத்து உதறி மடித்தாள். இன்னொன்றை எடுத்து மடித்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மேலாளருக்குத் தன் அறைப் பெட்டியை நினைத்து வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தலைவரம்மா மட்டும் சிரித்தார்.

“வயரைக் கழட்டிடலாமா?” என்று மேலாளர் மெதுவாகக் கேட்டாள்.

“கழட்டக்கூடாது,” என்றார் தலைவரம்மா. “இந்த மாதிரிக் கூட்டத்துலயே எனக்குத் தலை நரைச்சுப் போச்சும்மா. வர்றாங்க, திருப்பறாங்க, கை தட்டறாங்க, ஊருக்குப் போறாங்க. திருப்பினா ஏதோ ஆகுதுன்னு இங்கதான் பார்த்தேன். அதான் எல்லாரும் பேய் முழி முழிக்கறாங்க.” நம்மவரிடம் திரும்பினார். “மெஷினை ஓட்டுங்க. பூட்டும் போட வேண்டாம்.”

இயந்திரம் கனைத்து உயிர்பெற்றதும் அம்மா மேடைக்குப் போனார். “பெட்டி திறந்தேதான் இருக்கும். யார் வேணும்னாலும் திருப்பலாம். ஆனா மைக்ல வந்து உங்க நாட்டுப் பேரைச் சொல்லி, எவ்வளவு திருப்பறீங்க, ஏன் திருப்பறீங்கன்னு சொல்லிட்டுத் திருப்பணும். அவ்வளவுதான்.”

அன்று மாலைவரை யாரும் எழுந்திருக்கவில்லை. பனி நாட்டுக்காரர் ஒருமுறை மைக்வரை போனார், தொண்டையைச் செருமினார், எல்லோருக்கும் மாலை வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். தீவு நாட்டு அம்மா மட்டும் வந்து, ஊர், பெயர், மூட்டு வலி எல்லாவற்றையும் சொல்லி, அரை டிகிரி கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. திரையில் மின்சாரக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

வரைவில் காலியாக இருந்த வரியில் இந்த ஏற்பாட்டைப் போடலாமா என்று பேச்சு தொடங்கியது. வாக்கை மாற்றுகிற நாடு சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்ற வாசகம். அதை மெலிய வைக்க முயன்றவர்கள் உண்டு, நீல டைக்காரர் தனக்குப் பதில் இன்னொருவர் எழுந்து நின்று சொல்லலாமா என்றுகூடக் கேட்டார். ஆனாலும் கடைசியில் அந்த வரி நின்றுவிட்டது. அதன்படி நடப்பார்களா என்பது அடுத்த மாநாட்டில்தான் தெரியும். நாம் அதற்கு உத்தரவாதம் தருவதற்கில்லை.

நம்மவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கட்டடத்திலுள்ள எல்லாப் பெட்டிக்கும் வயர் கொடுக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு போட்டுவிட்டாள், அதுகூடப் பெரிதில்லை. மனைவியோடு வீட்டுக்குப் போகிற பேருந்துதான் பெரிது. வழி முழுக்க அவள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். திட்டினால் பதிலுக்குச் சொல்ல அவரிடம் இரண்டு மூன்று சமாதானம் தயாராக இருந்தது. பேசாமல் இருப்பவளை என்ன செய்வது?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவளே படுக்கையறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போய் நின்றார். “இங்க பாரு, இதுக்கும் ரொம்ப நாளா வயர் போடணும்னு நினைச்சிட்டேதான்...”

“வேண்டாம்ங்க. இத்தனை வருஷம் இல்லாமதானே இருந்துச்சு.”

“உனக்குத் தெரியுமா?”

“நடுங்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் சால்வை கொடுக்கறது யாரு? ‘பெட்டியைத் திருப்பினேன், ஒண்ணும் ஆகலை’ன்னு எல்லாரும் என்கிட்டதானே வந்து சொல்றாங்க. தலைவரம்மாவும் முதல் நாள் அப்படித்தான் வந்தாங்க. ‘அது ஆகாதும்மா, எங்க வீட்டுக்காரர் மாட்டினது’ன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, ‘அப்படியா சங்கதி’ன்னு சிரிச்சாங்க. அப்புறம் அந்தப் பெட்டியிலதான் திருப்புவேன்னு நின்னுட்டாங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன.

“அப்ப இந்தப் பெட்டி? இதை இவ்வளவு நாளா தினம் திருப்பினியே!”

“ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டினீங்க. திருப்பலைன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான்.” அவள் அலமாரியைத் திறந்தாள். யோசிக்காமல் நேராகக் கையை விட்டு அவருடைய சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ரிமோட்டை எடுத்தாள். “நீங்க படுத்ததும் குறட்டை வரும். எழுந்து இதுல இருபத்தாறு வெச்சிருவேன். காலையில நீங்க முழிக்கறதுக்கு முன்னாடி திரும்ப இருபத்திரண்டு. சட்டையை அயர்ன் பண்ணி அடுக்கறது நான்தானே. அதுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களே, அதுதாங்க எனக்கு ஆச்சரியம்.”

பக்கத்து வீட்டைவிடக் குறைவாக வந்த மின்கட்டணம், இருபத்திரண்டின் தூக்கம்தான் தூக்கம் என்று ஊரெல்லாம் அடித்த தம்பட்டம், எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து நின்று இளித்தன. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இத்தனை வருஷம் அவரைத் தன் இஷ்டத்துக்குத் தூங்கவைத்துவிட்டு, காலையில் அவர் பெருந்தன்மை காட்டியபோதெல்லாம் பேசாமல் சிரித்தாளே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அவள் ரிமோட்டை நீட்டினாள். “எவ்வளவு வேணுமோ வெச்சுக்கங்க. ஆனா ஏன்னு சொல்லிட்டு வைங்க.”

அவர் வாங்கினார். கட்டைவிரல் பழக்கத்தில் இருபத்திரண்டுக்குப் போயிற்று. ஏன் என்று யோசித்தார். மீன் கிடங்குவரை யோசித்தும் ஒரு காரணமும் அகப்படவில்லை. ரிமோட்டை மேசைமேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்.

மறுநாள் வயர்ச்சுருளோடு ஆலோசனை அறைக்குப் போகும் வழியில் மேலாளர் எதிரில் வந்தாள். அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. “என்ன அண்ணே, நேத்தும் வீட்டுல இருபத்திரண்டுதானா?”

“இல்ல மேடம், இருபத்தாறு. நாங்க பல வருஷமாவே இருபத்தாறுதான். உலகத்துக்கு இப்பத்தான் புத்தி வருது.”

“அப்படியா! அந்தக் காலத்துலயே ஆரம்பிச்சிட்டீங்களா? யாரு அண்ணே முதல்ல திருப்பினது?”

‘நான்தான்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசல் அறையில் சால்வையம்மா வேலையில்லாமல், மடித்த சால்வைகளுக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வயர்ச்சுருளைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

“அதோ உக்காந்திருக்காளே, அவதான்,” என்றார், அவளுக்கும் கேட்கிற மாதிரி.